திருகோணமலையில் ஒரு லீவு நாள்: கோணேசர் மலையா, புறாத்தீவா, மாபிள் பீச்சா, பக்கத்துக் கடற்கரையா?

இந்த ஒரு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். உவர்மலையில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், முழங்கால் நோவோடு ஒரு மாமி. போன தடவை நிலாவெளிக்குப் போய் மாமி முழு நேரமும் வானுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தாராம், இந்தத் தடவை அவரும் சந்தோஷப்படுகிற மாதிரி ஓரிடம் வேண்டும் என்றார். அடுத்தவர் ஒரு தம்பி. கனடாவிலிருந்து அக்கா குடும்பம் நாலு நாளைக்கு வருகிறது, அதில் ஒரு நாள்தான் கடலுக்கு, புறாத்தீவா மாபிள் பீச்சா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார். மூன்றாவது எங்கள் பழைய வாத்தியார். ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது, பின்னேரமானால் வீட்டுக்குள் இருக்க ஏலாமல் இருக்கிறது, எங்கே போகலாம் சொல்லு என்றார்.

மூன்று பேரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதுதான் எனக்கு உறைத்தது. வெளியூர்க்காரர் கேட்டால் நாலு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம், எங்கள் ஆட்களுக்கு அந்த நாலு பெயரும் தெரியும். ஆனால் யாராவது விருந்தாளி வந்தால்தான் கோணேசர் மலையில் ஏறுவோம், விருந்தாளி போனதும் அடுத்த விருந்தாளி வரும்வரை அந்தப் பக்கம் போகமாட்டோம். எனக்கே புறாத்தீவைப் பார்க்க முப்பது வயதுக்கு மேலாயிற்று, அதுவும் கொழும்பிலிருந்து வந்த ஒருவரைக் கூட்டிப்போனதால்தான். அதனால் சுற்றுலா வருகிறவரின் கணக்கை விட்டுவிட்டு, இங்கேயே இருக்கிற ஒருவரின் கணக்கில் இந்த இடங்களை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலாவது மாதமும் காற்றும். எங்கள் கடல் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, அதாவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைக்கும்தான் சாதுவாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடை கிளம்பினால் தை மாதம் வரை அலை பெரிது, தண்ணீர் கலங்கல். இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனி, ஆடியில் அடிக்கிற கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரிப் படிந்து கிடக்கும், பயமே வராது, ஆனால் காற்றடைத்த டியூப்பிலோ மிதவையிலோ ஒரு பிள்ளையை இருத்தினால் காற்று அதை மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். கச்சான் நாளில் மிதவையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது நேரம். இந்த ஊரில் காலை பத்தரைக்கும் பின்னேரம் நாலுக்கும் இடையில் வெளியே நின்று சந்தோஷப்படக்கூடிய இடம் மிகக் குறைவு. பிறகு, கூட வருகிறவர்களில் ஆக இயலாதவர் யார் என்பது. எல்லாரையும் மனதில் வைத்து இடம் தேடத் தேவையில்லை, அந்த ஒருவருக்குப் பொருந்தினால் மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். நாலாவது செலவு. நுழைவு டிக்கெட்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், உண்மையான காசு ஓட்டோவிலும் வெயிட்டிங்கிலும் வாடகைச் சாமானிலும் அங்கே வாங்கிச் சாப்பிடும் சாப்பாட்டிலும் போகிறது. கடைசியாக, எனக்கு இதுதான் முக்கியம்: அடுத்த கிழமையும் இதே இடத்துக்குப் போக மனமும் காசும் வருமா?

கோணேசர் கோயிலும் கோட்டையும்

டவுனுக்குள்ளேயே இருப்பதால் போக்குவரத்துச் செலவு பெரிதாக இல்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே கோட்டை வாசலுக்கு வந்துவிடலாம். 1624இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்த கற்களைக்கொண்டு கட்டிய கோட்டை இது, பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரை ஆங்கிலேயர் பிறகு வைத்தார்கள். வாசல் சுவரில் இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். எத்தனை நூறு தரம் அதற்குள்ளால் போய்வந்திருப்போம், பிள்ளைகளை நிறுத்தி ஒரு தடவையாவது காட்டியிருப்போமா? ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம், 1956இல் கடலடியில் சுழியோடிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள், இப்போதிருக்கும் கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இவ்வளவு கதை உள்ள ஓரிடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலையில் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டுக்கு மேலே நின்று கீழே கடலைப் பார்க்கும்போது பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே ஒரு பின்னேரம் காணாது.

கஷ்டம் எங்கே என்றால், ஏற்றம். கூட்ட நாட்களில் வாகனத்தைக் கீழே விட்டுவிட்டு நடக்க வேண்டிவரும், செருப்பைக் கழற்றிய பிறகு பத்து மணி வெயிலில் கல் கொதிக்கும். என் அம்மம்மாவை ஒருமுறை பதினொரு மணிக்குக் கூட்டிப்போய், பாதம் சுட்டு அவர் அழாத குறையாக நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. போவதென்றால் காலை ஆறரைக்கு, அல்லது பின்னேரப் பூசைக்கு. நீண்ட வார இறுதியிலும் போயா (பௌர்ணமி) நாட்களிலும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள், அந்த நாட்களை அவர்களுக்கு விட்டுவிட்டுச் சாதாரண செவ்வாயோ புதனோ போங்கள், கோயில் வேறு மாதிரி இருக்கும்.

செலவு என்று பார்த்தால் அர்ச்சனைத் தட்டு, வழிக் கடைகளில் பிள்ளைகள் கேட்கும் விளையாட்டுச் சாமான், கச்சான் கடலைப் பை. அவ்வளவுதான். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கோட்டைக்குள் திரியும் மான்களுக்குச் சாப்பாட்டைப் பையோடு போடாதீர்கள். உப்பு ருசிக்காகப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

டச்சு பேயும் உட்துறைமுக வீதியும்

கேட்ட மூன்று பேரில் ஒருவர்கூட இதை ஓர் இடமாக எண்ணவில்லை. "அது சும்மா பீச்தானே" என்றார்கள். என் கணக்கில் முதலில் நிற்பது இதுதான்.

டச்சு பே கிழக்கைப் பார்த்த கரை. பின்னேரம் நாலரைக்கே வெயில் முதுகுப்பக்கம் போய்விடும், மணல் ஆறத் தொடங்கும். இஸ்ஸோ வடை (இறால் வடை), அவித்த சோளம், மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டு, ஐஸ்கிறீம் வண்டி எல்லாம் வந்து சேரும். வயதானவர்கள் கட்டின்மேல் உட்காரலாம், வாகனம் பக்கத்தில் நிற்கும், டாய்லட் அவசரம் என்றால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே போய்விடலாம். சில நாட்களில் மான் ஒன்று வீதியைக் கடந்து வந்து ஆட்களுக்கு நடுவில் நிற்கும், வெளியூர்க்காரர் போட்டோ எடுக்க, எங்கள் பிள்ளைகள் மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே பழைய ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் கடற்படையினர் நடத்தும் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு மணி நேரம் நன்றாகப் போகும், இந்த ஊரில் நடுப்பகலிலும் நிழலில் நின்று பார்க்கக்கூடிய சில இடங்களில் ஒன்று அது.

இந்தக் கரையின் குறை குளிப்புத்தான். அடியிழுவை சில நாட்களில் பலமாக இருக்கும், ஆழமும் சட்டென்று இறங்கும். கால் நனைக்கலாம், பிள்ளைகளை நீந்த விடுகிற இடமென்று இதைச் சொல்லமாட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் குப்பையும் சேரும், ஒரு பையைக் கையோடு கொண்டு போனால் உங்கள் குப்பையோடு பக்கத்தில் கிடப்பதையும் கொஞ்சம் அள்ளிவரலாம்.

உட்துறைமுக வீதியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிப்பதைத்தான் பார்க்கலாம், மறைவதைப் பார்க்க முடியாது என்று நினைப்போம். ஆனால் எங்கள் துறைமுகம் நிலத்துக்குள் வளைந்து போவதால், அந்த வீதியில் மேற்குப் பார்த்து நின்றால் தண்ணீருக்கு அப்பால் குன்றுகளுக்குப் பின்னே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். காலை டச்சு பேயில் உதயம், மாலை துறைமுகத்தில் அஸ்தமனம், இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். இப்படி அமைந்த ஊர் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அங்கே இருபது நிமிஷம் நிற்கத் தொடங்கியபிறகுதான் இந்த ஊரில் இருக்கிறேன் என்ற உணர்வே வந்தது, அதற்கு முன் வீட்டுக்கும் ஒஃபிஸுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

உப்புவெளி

டவுனிலிருந்து நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போகிற பஸ் எதிலும் ஏறலாம், கால் மணி நேரம் காணும். சீசனில் கரையோரம் ஆழம் குறைவு, மணல் சுத்தம், சின்னப் பிள்ளைகளைக் குளிக்க விடுவதற்கு டச்சு பேயைவிட எவ்வளவோ நல்லது. விடியப்புறம் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம், பிள்ளைகள் அதை விட்டு வரமாட்டார்கள், இழுத்து முடிந்ததும் மீனையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது, ஹோட்டல்களுக்கு முன்னால் போட்டிருக்கும் சாய்கதிரைகளில் உட்கார்ந்தால் ஏதாவது ஓடர் பண்ண வேண்டியிருக்கும், சீசனில் அந்த விலைகள் வெளிநாட்டுக்காரரை நம்பிப் போட்டவை. பாயும் சோற்றுப் பார்சலும் கொண்டுபோனால் அந்தச் செலவே இல்லை. சில காலங்களில் சொறிமுட்டை (ஜெலிமீன்) மிதந்து வரும், இறங்குவதற்கு முன் வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் சொல்லுவார்கள். திரும்பும் வழியில் இரண்டாம் உலகப்போர் காலத்துக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரு தடவை இறங்கி அந்தக் கற்களில் இருக்கும் வயதுகளை வாசித்துப் பாருங்கள், இருபது, இருபத்திரண்டு என்று இருக்கும்.

நிலாவெளியும் புறாத்தீவும்

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் புறாத்தீவு, காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்த முதல் நிமிஷத்தில் நான் மூச்சு விடுவதை மறந்து போனேன் என்றால் மிகையில்லை. மான்கொம்பு மாதிரிப் பவளம், அதற்குள் புகுந்து வெளிவரும் மஞ்சளும் நீலமுமான மீன்கள், செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் காலடியில் போகும், ஒன்றும் செய்யாது. பிறந்த ஊரில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று திரும்பி வரும்போது நெஞ்சு அடைத்தது.

ஆனால் ஒரு நாளுக்கான செலவை முழுதாகக் கூட்டிப் பாருங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் உள்ளூர்க்காரருக்குக் குறைவுதான், அதை மட்டும் பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். படகு தனி, கண்ணாடியும் குழாயும் வாடகை தனி, உயிர்காப்பு அங்கி தனி, டவுனிலிருந்து போய்வர ஓட்டோ அல்லது வான் தனி. படகுக் கூலியை ஆளுக்கா படகுக்கா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள், திரும்ப எத்தனை மணிக்கு வந்து ஏற்றுவார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒருமுறை நான் இதைப் பேசாமல் ஏறி, தீவில் நிழலில்லாமல் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தேன், கூட வந்த பிள்ளைக்கு அன்று இரவு காய்ச்சல். படகு நிறைய ஆள் சேர்ந்தால்தான் செலவு பிரியும், நாலு பேர் போவதைவிட எட்டுப் பேர் போவது நல்லது.

தீவில் நிழல் குறைவு, கால் வைக்கும் இடமெல்லாம் உடைந்த பவளம். முழங்கால் நோவுள்ளவரும் கைக்குழந்தையும் அங்கே கஷ்டப்படுவார்கள், படகில் ஏறி இறங்கவே இயலாது. முதல் படகில் போய் பதினொரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், நேரம் போகப் போகக் கூட்டம் கூடும், அலையும் எழும். மாரியில் இந்தத் தெரிவை மறந்துவிடுங்கள்.

இன்னொரு செலவு நம் பையிலிருந்து போவதில்லை, தீவிலிருந்து போகிறது. பவளம் கல் இல்லை, உயிர். கடல் சூடேறும் வருஷங்களில் ஏற்கனவே வெளிறிச் செத்துக்கொண்டிருக்கிறது, அதன்மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கும் ஒவ்வொரு காலும் பல வருஷ வளர்ச்சியை முறிக்கிறது. நீந்தத் தெரியாதவர் அங்கியைப் போட்டுக்கொண்டு மிதந்து பார்க்கலாம், நிற்கத்தான் கூடாது. நம் ஆட்களே இதை ஒருவருக்கொருவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அதனால் புறாத்தீவு வருஷத்துக்கு ஒருமுறை, நல்ல மாதம் பார்த்து, ஆயத்தத்தோடு போக வேண்டிய இடம். தீவுக்குப் போகாமல் நிலாவெளிக் கரையில் மட்டும் இருந்துவிட்டு வருவதென்றால், உப்புவெளியிலிருந்து இன்னும் பத்துக் கிலோமீற்றர் போவதற்குப் பெரிய காரணம் இல்லை.

மாபிள் பீச்

சீனக்குடாப் பக்கம், விமானப்படையினர் பராமரிக்கும் கரை. நுழைய டிக்கெட் உண்டு. ஆனால் அந்தக் காசுக்கு உடுப்பு மாற்ற இடம், டாய்லட், உயிர்காப்பாளர், குப்பையில்லாத மணல் எல்லாம் கிடைக்கிறது. குடாவுக்குள் ஒதுங்கியிருப்பதால் அலை அநேகமாக இல்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும். நீச்சல் பழக்குவதற்கு இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மரநிழலும் உண்டு, அதனால் நடுப்பகலையும் ஓரளவு சமாளிக்கலாம்.

போக்குவரத்துத்தான் தலையிடி. சொந்த வாகனம் இல்லாவிட்டால் ஓட்டோ பிடித்து, அது திரும்பும்வரை வெயிட்டிங் கொடுக்க வேண்டும், சில வேளை டிக்கெட் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஓட்டோக் காசுக்கு ஈடாகாது. பாடசாலை லீவிலும் நீண்ட வார இறுதியிலும் கால் வைக்க இடமிருக்காது.

கன்னியா

ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வது. குளித்து முடிக்க அரை மணி நேரம். ஒரு முழு நாளுக்கு இது காணாது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் மற்ற எல்லாத் தெரிவும் அடிபட்டுப்போகும்போது இது நிற்கும். மழைக் குளிரில் விடியக் காலை அந்த வெந்நீரை உடம்பில் ஊற்றினால் வரும் சுகத்தை ஆடி மாத வெயிலில் போகிறவர் அறியமாட்டார். பெற்றோருக்குக் கிரியை செய்ய வருகிறவர்களும் அங்கே இருப்பார்கள், பிள்ளைகளின் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது மரியாதை.

கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்

உவர்மலைத் தங்கச்சிக்கு மாபிள் பீச் என்றேன். அவர்களிடம் வான் இருப்பதால் அந்தப் பெரிய செலவு இல்லை, மாமிக்கு நிழலும் டாய்லட்டும் உண்டு, பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கலாம். வான் இல்லாதிருந்தால் உப்புவெளியை, அதுவும் காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்பச் சொல்லியிருப்பேன்.

கனடா அக்கா குடும்பத்துக்குப் புறாத்தீவு. அவர்கள் ஆவணியில் வருகிறார்கள், வளர்ந்த பிள்ளைகள், ஏழெட்டுப் பேர் சேர்கிறார்கள், மாதமும் ஆளும் பொருந்துகிறது. மாபிள் பீச் மாதிரி அமைதியான தண்ணீர் வேறு இடத்திலும் அவர்களுக்குக் கிடைக்கும், அந்தப் பவளம் கிடைக்காது. சாதாரண நாளொன்றில் போங்கள், சனி ஞாயிறு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அத்தனை பேருக்கும் படகுக் காசு கட்டாது என்று தம்பி யோசித்தால், அதே கூட்டத்தைக் காலை ஆறரைக்குக் கோணேசர் மலைக்கும் பின்னேரம் உப்புவெளிக்கும் பிரித்துக் கூட்டிப்போகலாம், அதிலும் குறை வராது.

வாத்தியாருக்கு உட்துறைமுக வீதி. முதல் நாள் நானே கூட்டிப்போனேன். ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம், பிளேன்ரீ வாங்கிக்கொண்டு கட்டின்மேல் இருந்தோம். எண்பதுகளில் இந்த இடத்தில் எந்தக் கப்பல் நின்றது, யார் யாரோடு இங்கே வந்து பேசிக்கொண்டிருப்பார், அவர்களில் யார் யார் இப்போது எந்த நாட்டில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். இருட்டினபிறகும் எழும்பவில்லை. இப்போது புதன்கிழமைகளில் அவரே எனக்கு முன்னால் வந்து அங்கே இருக்கிறார்.